தெஹிவளைக் கடற்கரையும் தரம் 1 அனுமதியும்

தொழில் நிமித்தம் கொழும்புக்கு வரும் இளம் குடும்பங்கள் பல தெஹிவளையில் வாடகை வீடு தேடுகின்றன. பக்கத்திலே பள்ளிவாசல், ஹலால் கடைகள், மாலையில் கடற்காற்று. சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற இடம்தானே என்று கேட்பவர்களிடம், ஆசிரியர் என்ற வகையில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை வருடம் இருக்கப் போகிறீர்கள்?

அரச பாடசாலைகளின் தரம் 1 அனுமதியில் பாதி இடங்கள் அருகில் வசிப்போருக்கானவை. வதிவை நிரூபிக்க வாக்காளர் இடாப்பில் முந்திய 5 வருடப் பதிவைப் பார்க்கிறார்கள். சொந்த வீட்டு உறுதிக்குள்ள புள்ளி வாடகை ஒப்பந்தத்துக்கு இல்லை. விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட வீட்டுக்கு அருகில் வேறு பாடசாலை இருந்தால் அதற்கும் புள்ளி குறையும். நம்மவர்களில் பலரோ கொழும்பில் குடியிருந்துகொண்டு வாக்கை ஊரில், உம்மா வீட்டு விலாசத்திலேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு நாலு வயதானதும் அதிபரைக் குறைசொல்லி என்ன பயன்?

கடலுக்கு வருவோம். வீடுகளுக்கும் மணலுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. தொடர்மாடிகளில் முற்றமில்லை, விளையாட வேண்டுமானால் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடலும் மூர்க்கமாகிவிடும்.

காலி வீதிக்கு உட்புறம், களுபோவில பக்கம் கடற்காற்று குறைவுதான். நடக்கத் தொடங்கிய பிள்ளையுள்ள வீட்டுக்கு நான் அந்தப் பக்கத்தையே சொல்வேன். குடிவந்த வருடமே கிராம சேவகரிடம் போய் வாக்கைப் பதியுங்கள்.