கோடீஸ்வர ஐயரைப் பாடுவோம்

தமிழிசை என்றதும் செட்டிநாட்டில் கானாடுகாத்தானைச் சொல்கிறோம். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் எழக் காரணமான அவ்வூர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரை நினைப்பது நம் கடமை. அந்த இயக்கத்துக்கு முன்பே, 72 மேளகர்த்தா ராகங்களுக்கும் தமிழில் தனித்தனிக் கீர்த்தனை செய்துவைத்தவர் நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்து நந்தனூர்க்காரர். 1870-இல் பிறந்த கோடீஸ்வர ஐயர் அவர்.

கவி குஞ்சர பாரதியின் பேரன், பட்டணம் சுப்பிரமணிய ஐயர், பூச்சி சீனிவாச ஐயங்கார் ஆகியோரிடம் பாடம் கேட்டவர், பி.ஏ. படித்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். முருகன்மேல் அவர் பாடியவை 'கந்த கானாமுதம்' ஆயின. மேடையில் அடிக்கடி கேட்பதென்னவோ அம்சத்வனி 'வாரணமுக வா' போன்ற ஒன்றிரண்டுதான்.

காரணம் உண்டு. 72-இல் 40, அடுத்தடுத்த சுரங்கள் உரசும் விவாதி மேளங்கள். பாடினால் தோஷம் என்று வித்வான்கள் ஒதுக்கியவை. கடைசி மேளமான ரசிகப்பிரியாவைப் பாடிப் பாருங்கள்: சட்ஜத்திலிருந்து மூன்று அரைச்சுரம் தாவினால் ரிஷபம், ஒட்டினாற்போல் அடுத்த அரைச்சுரத்திலேயே காந்தாரம். பஞ்சமத்துக்கு மேலும் அதே தாவல், அதே நெருக்கம். தொண்டை தடுமாறும் இந்த இடத்தில்தான் 'அருள் செய்ய வேண்டும்' என்று கெஞ்சுகிறார் ஐயர். சுரங்களின் உரசலே பக்தியின் தவிப்பாகிறது. நவீன இசை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

நவீன இசை மேடைக்குக் காத்திருக்க நேர்வது வேறிடத்திலும் உண்டு: பின்லாந்தின் இசையமைப்பாளர் ஆரே மெரிகாண்டோ 1922-இல் முடித்த 'யூஹா' இசைநாடகம், அவர் 1958-இல் இறந்தபின் 1963-இல்தான் மேடையேறியது. காலத்துக்கு முந்திய இசைக்குப் பிடிவாதமாகப் பாடுகிற ஒருவர் வேண்டும். கோடீஸ்வர ஐயருக்கு அப்படிக் கிடைத்தவர், சங்கீத மும்மூர்த்திகளை வரைந்த ஓவியர் எஸ். ராஜம். 72 கீர்த்தனைகளையும் பாடினார், கற்றுக்கொடுத்தார். விவாதி பாடிய அவர் 90 வயதுவரை வாழ்ந்தார். தோஷம் என்று இனி எவரும் தயங்க வேண்டியதில்லை.

சாக்கோட்டைத் திருவிழாவுக்கும் காரைக்குடிக் கல்யாணங்களுக்கும் கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்களிடம் இவ்விதழ் கேட்பது ஒன்றுதான். வெற்றிலை பாக்கு வைத்து வித்வானை அழைக்கும்போதே, விவாதி மேளத்தில் கோடீஸ்வர ஐயரின் கீர்த்தனை ஒன்றாவது வேண்டும் என்று கேளுங்கள். நாம் கேட்டால் அவர்கள் பாடம் செய்வார்கள்.