பிளேனில் வந்தால் வரி இல்லை!

போன மாதம் நாகலாபுரம் போயிருந்தேன். தெரியாதவர்களுக்கு: கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் தாலுகாவில் இருக்கிற கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து, மல்லி. பெய்யாவிட்டால் இருக்கவே இருக்கிறது சீமைக்கருவேலம். வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்கலாம்.

ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பீரோ மேல் ஏதோ ஒன்று பூப்போட்ட துண்டால் போர்த்தி, பக்கத்தில் ஊதுபத்தி ஸ்டாண்டோடு இருந்தது. சாமி படமாக்கும் என்று நினைத்தேன். 'என்னக்கா அது?' என்று கேட்டதும் அக்கா முகம் சுருங்கிவிட்டது.

'லேப்டாப்பு தம்பி. சிங்கப்பூர்ல இருந்து பெரியவன் வாங்கிட்டு வந்தது. ஓடல.'

கதை ரொம்பச் சாதாரணம். உங்கள் தெருவிலும் நடந்திருக்கும். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. மகள் பி.காம். சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். 2023-ல் ஒருநாள் அக்கா போனில் சொல்லியிருக்கிறாள்: 'அங்கன சல்லிசாக் கிடைக்குமாம்லா, பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாய்யா.' அந்தப் பையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவில், ஒரு தள்ளுபடி விற்பனைக் கூட்டத்தில் இடிபட்டு, 899 வெள்ளிக்கு ஒன்று வாங்கிவிட்டான். பை இலவசம், மவுஸ் இலவசம். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது திருச்சியில் இறங்கி, பஸ் மாறி பஸ் மாறி, பிள்ளையை மடியில் வைத்திருப்பதுபோலக் கொண்டுவந்து சேர்த்தான்.

ஆறு மாதம் ஓடியது. அப்புறம் திரை இருண்டது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனால், 'இது சிங்கப்பூர் பீஸ், இந்தியாவில் வாரன்ட்டி செல்லாது, 14,000 ரூபாய் ஆகும்' என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து லேப்டாப் பீரோ மேல் ஏறிவிட்டது.

நான் பி.காம். படித்தவன். அழுகிற வீட்டிலும் கணக்குப் பார்க்கிற புத்தி போகாது. அங்கேயே பில்லை வாங்கி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

அன்றைய மதிப்பில் ஒரு வெள்ளிக்கு 61 ரூபாய் என்று வைத்தால் 899 வெள்ளி என்பது 54,839 ரூபாய். அதே ரகம் மதுரையில் அப்போது 58,500. ஆக, இந்த மகத்தான தள்ளுபடியில் மிச்சம் 3,661 ரூபாய். ரிப்பேர் செய்திருந்தால் மொத்தச் செலவு 68,839. மிச்சம் பிடிக்கப் போய் 10,339 ரூபாய் நஷ்டம். செய்யாமல் பீரோ மேல் வைத்தால் முழுசுமே நஷ்டம்.

இது ரூபாய்க் கணக்கு. இன்னொரு கணக்கு இருக்கிறது. அந்தப் பையனுக்கு அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 28 வெள்ளி. 899 வெள்ளி என்றால் 32 நாள் வெயிலில் கம்பி கட்டியது. ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்காக வைத்த அக்காவின் கம்மல் இன்னும் அடகுக்கடையில் இருக்கிறது. 32 நாள் உழைப்பைக் கொடுத்து அவன் வாங்கிவந்த 'சல்லிசு' இது!

சரி, வெளிநாட்டில் எலெக்ட்ரானிக் சாமான் மலிவு என்பது பொய்யா? ஒருகாலத்தில் அது நிஜம். இறக்குமதி வரி மலைபோல் இருந்த நாட்களில், சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் தோளில் தொங்கிய டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டர்தான் ஊரில் அவருடைய அந்தஸ்து. அங்கே வாங்கி இங்கே விற்றாலே விமான டிக்கெட் காசு தேறிய காலம் அது. சென்னை பர்மா பஜார் பிழைத்ததே அந்த வித்தியாசத்தில்தான்.

அந்தக் காலத்துக்கு முடிவுரை எழுதிய ஊர் எது தெரியுமா? அதே சிங்கப்பூர்! 1996 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு அங்கேதான் நடந்தது. கம்ப்யூட்டர் வகையறாக்களுக்கு இறக்குமதி வரியை ஒழிப்பது என்ற ஒப்பந்தம் அங்கேதான் பிறந்தது. அடுத்த வருஷமே இந்தியாவும் சேர்ந்தது. 2005 வாக்கில் கம்ப்யூட்டருக்கு அடிப்படைச் சுங்க வரி பூஜ்யமாகிவிட்டது. மலிவுக்கான காரணம் போய் இருபது வருஷம் ஆகிறது. நம் ஆசை மட்டும் போகவில்லை.

அப்படியானால் அந்த 3,661 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? சிங்கப்பூர் வியாபாரியின் தாராள மனசிலிருந்தா? இல்லை. என் காலண்டர் தாளுக்கு மறுபடி வாருங்கள்.

மதுரை விலை 58,500-ல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் அடங்கியிருக்கிறது. அதாவது சுமார் 8,924 ரூபாய். சிங்கப்பூர் விலையில் அந்த ஊர் ஜி.எஸ்.டி. அப்போது 8 சதவீதம் (2024 முதல் 9). அது சுமார் 4,062 ரூபாய். இரண்டு பக்கமும் வரியைக் கழியுங்கள். சிங்கப்பூர் விலை 50,777. மதுரை விலை 49,576. பார்த்தீர்களா? வரியை எடுத்துவிட்டால் நம் மதுரை அண்ணாச்சிதான் சல்லிசு! பையன் கடல் தாண்டி வாங்கிவந்தது கடைக்காரர் கொடுத்த தள்ளுபடி அல்ல, இரண்டு அரசாங்கங்களின் வரி வித்தியாசம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரே லேப்டாப்பை நாலு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாமவர், குடும்பத்தோடு சிங்கப்பூர் டூர் போகிற சென்னைக்காரர். டூரிஸ்ட் என்பதால் அங்கே கட்டிய வரியை, கையாளும் கட்டணம் போக, ஏர்போர்ட்டிலேயே திருப்பித் தருகிறார்கள். இங்கே வந்து இறங்கினால், 18 வயது தாண்டியவர் கொண்டுவரும் ஒரு லேப்டாப்புக்குச் சுங்கம் கிடையாது. 2004-லிருந்து அந்தச் சலுகை இருக்கிறது. ஆக அவர் கட்டும் வரி கிட்டத்தட்ட பூஜ்யம்.

இரண்டாமவர், சொந்தக் கம்பெனி நடத்துகிறவர். கம்பெனி பேரில் பில் போட்டு இங்கேயே வாங்குகிறார். 18 சதவீதம் கட்டுகிறார். ஆனால் 'இன்புட் டாக்ஸ் கிரெடிட்' என்று ஒரு வசதி இருக்கிறது. கட்டியதைத் தன் வியாபாரத்துக்குக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அவர் கையிலிருந்தும் போவது பூஜ்யம்.

மூன்றாமவன் நம் பையன். சிங்கப்பூர் ஜி.எஸ்.டி.யை அவனும் கட்டினான். திருப்பிக் கேட்க முடியாது. அங்கே வேலை பார்க்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊர் சுற்ற வந்தவருக்கு வரி வாபஸ், ஊரைக் கட்ட வந்தவனுக்கு இல்லை!

நாலாவது, அவன் தங்கச்சி. நாகலாபுரத்திலிருந்து பஸ் ஏறிப்போய் மதுரையிலோ கோவில்பட்டியிலோ வாங்கினால் முழுசாக 18 சதவீதம். வாபஸ் கிடையாது, கிரெடிட் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அதாவது, பிளேனில் வந்தால் வரி இல்லை. பஸ்ஸில் வந்தால் 18 சதவீதம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்களை மாற்றினார்கள். நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பருக்கு வரியே இல்லை என்றார்கள். நல்ல காரியம், கைதட்டுகிறேன். ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும் 28-லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். லேப்டாப்? இருந்த இடத்திலேயே, அதே 18. ஒரு கல்லூரி மாணவிக்கு இன்று லேப்டாப்தான் நோட்டுப் புத்தகம் என்பது அந்தக் கவுன்சிலில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? அதில் மத்திய அரசு மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, எல்லா மாநில அமைச்சர்களும்தான் இருக்கிறார்கள். அதனால் இதில் யாரும் யாரையும் கைகாட்டித் தப்பிக்க வேண்டாம்.

'அதான் கவர்மென்ட்டே சும்மா கொடுத்துச்சே சார்' என்பீர்கள். கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். மூடியில் முதலமைச்சர் படம் ஒட்டியிருந்தது என்று நாம் நகரத்தில் உட்கார்ந்து கேலி செய்தோம். 'இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள்' என்று முகம் சுளித்தோம். விற்றுத் தின்றவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கரிசல் காட்டில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான்.

அந்தத் திட்டம் எப்போது படுத்தது? 2020-ல். எந்த வருஷம் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு ஆன்லைனில் படி என்றோமோ, அந்த வருஷம்! நோய்த்தொற்று, தட்டுப்பாடு என்று காரணம் சொன்னார்கள். காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஒரு வீட்டில் ஒரு செல்போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விட்டால் இல்லை என்ற நிலையில் படித்த பிள்ளைகளுக்கு அந்தக் காரணங்களால் என்ன லாபம்? 2025 மார்ச் பட்ஜெட்டில் தங்கம் தென்னரசு, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார். சந்தோஷம். இடைப்பட்ட வருஷங்களில் படித்து முடித்து வெளியேறியவர்களுக்கு யார் பதில் சொல்வது? அந்த இடைவெளியைத்தான் அக்கா மகன் 32 நாள் சம்பளத்தால் அடைக்கப் பார்த்தான்.

'செல்போன் போதாதா?' என்று கேட்கிற புத்திசாலிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆபீஸ் எக்செல் கணக்கை ஒரே ஒரு நாள் செல்போனில் கட்டைவிரலால் போட்டுப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

வெளிநாட்டில் இருக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. தள்ளுபடி போர்டைப் பார்க்கும் முன்னால் வாரன்ட்டி அட்டையைப் பாருங்கள். இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் இருக்கிறதா? சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு உலகம் முழுக்கச் செல்லும் வாரன்ட்டி தருகின்றன. இருந்தால் வாங்குங்கள். 'செல்லும் பிரதர்' என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். 2014 நவம்பரில் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயரில், வியட்நாமிலிருந்து வந்த ஓர் ஆலைத் தொழிலாளி ஐபோன் 6 வாங்கப் போனார். 950 வெள்ளி வாங்கிக்கொண்ட பிறகு, வாரன்ட்டிக்கு என்று இன்னும் 1,500 கேட்டார்கள். அவர் மண்டியிட்டு அழுத காட்சியை உலகமே பார்த்தது. கடைக்காரருக்கு மறுவருஷம் 33 மாதம் சிறைத்தண்டனை கிடைத்தது. சட்டம் கறாரான ஊரிலேயே இந்தக் கதி. ஏழை எங்கே போனாலும் அவனை ஏமாற்றக் கையாளும் வார்த்தை ஒன்றுதான் போலிருக்கிறது: வாரன்ட்டி!

ஊரில் இருக்கிற அம்மாக்களுக்கும் சொல்கிறேன். பிள்ளையிடம் சாமான் கேட்காதீர்கள். பணமாக அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்க் கடையில் பில்லோடு வாங்குங்கள். கெட்டுப்போனால் சண்டை போட ஓர் ஆள் கண்முன்னால் இருப்பார். அதன் மதிப்பு 3,661 ரூபாயைவிட அதிகம்.

அரசாங்கத்திடம் நான் இலவசம்கூடக் கேட்கவில்லை. கல்லூரி அடையாள அட்டை காட்டுகிற மாணவருக்கு, படிப்புக் காலத்தில் ஒரே ஒரு தடவை, ஒரு லேப்டாப்புக்கு வரியைத் திருப்பிக் கொடுங்கள். 'அது நடைமுறைச் சிக்கல்' என்று ஃபைலில் எழுதாதீர்கள். டூரிஸ்டுக்கு ஏர்போர்ட்டில் கவுன்ட்டர் போட்டுத் திருப்பித் தர ஒரு குட்டி நாட்டால் முடிகிறது. 'தவறாகப் பயன்படுத்துவார்கள்' என்பீர்களா? தலைக்கு ஒரு லேப்டாப் என்று விமானப் பயணியை 2004-லிருந்து நம்புகிறீர்கள். நாகலாபுரத்துப் பிள்ளையை நம்ப மாட்டீர்களா?

கிளம்பும்போது அக்கா மகள் அந்தக் காலண்டர் தாளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பி.காம். அல்லவா, கணக்கைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்தேன். கேட்டாள்:

'மாமா, நகைக்கு ஜி.எஸ்.டி. எவ்வளவு?'

'மூணு பர்சன்ட். தங்கத்துக்குச் சுங்கம் தனியா உண்டு. ஆனா கடையில கட்டுற ஜி.எஸ்.டி. மூணுதான்.'

'நகைக்கு மூணு, லேப்டாப்புக்குப் பதினெட்டு. அப்போ என்னையப் படிக்கவைக்கச் சொல்றாங்களா, கட்டிக்கொடுக்கச் சொல்றாங்களா?'

கவுன்சில் அடுத்த தடவை கூடும்போது யாராவது இந்தக் கேள்வியை மேஜையில் வையுங்கள். நாகலாபுரத்தில் ஒருத்தி பதிலுக்குக் காத்திருக்கிறாள்.