தராசுக்கு முத்திரை உண்டு, வயரிங்குக்கு?



நம் கடைத் தராசுக்கு முத்திரை வேண்டும். உணவுப் பொருள் விற்க 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ உரிமமோ வேண்டும். தவறினால் அபராதம் என்பதால் இவற்றை நாம் மறப்பதில்லை. ஆனால் கடைக்கும், பின்கட்டு வீட்டுக்கும், வாடகைக்கு விட்ட மாடி அறைக்கும் மின்சாரம் கொடுக்கும் மெயின் போர்டை வைத்தவர் யார், அவரிடம் சான்று உண்டா என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. தராசு பிசகினால் பத்து கிராம் போகும். மெயின் பிசகினால் உயிர் போகும்.

இது புதுச் சட்டம் அல்ல. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் அதையே சொல்லின. பல்பு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை இருந்தபடியே மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல், மின்பளுவையோ வயரிங்கின் அமைப்பையோ மாற்றும் எந்த வேலையானாலும் உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் எடுத்து, தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைக் கொடுப்பது கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம்.

நம் பகுதியில் நடப்பது என்ன? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் தொழிலாளர்களை நம்பிக் கவரைப்பேட்டை, எளாவூர் வரை வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் எழும்பியுள்ளன. திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கமும் இதே கதைதான். இரண்டு விளக்கு, ஒரு விசிறிக்குப் போட்ட கம்பியில் இன்று தண்ணீர் மோட்டார், இண்டக்ஷன் அடுப்பு, கடையின் ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் ஓடுகின்றன. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஃபியூஸ் எரியாது, சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் எரியும். அறை ஒன்று கூட்டினாலே மின்பளு மாறிவிட்டது. அப்போதே சான்று பெற்றவரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் விதி.

“இன்னும் ஒரு லைசென்ஸா? ஏற்கெனவே இருக்கிற லைசென்ஸ்களுக்கு அலைந்தது போதாதா?” என்று உறுப்பினர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அலைச்சல் பற்றி எனக்கும் தெரியும். ஆனால் இந்த உரிமத்தை நாம் எடுக்க வேண்டியதில்லை. வேலை செய்பவரிடம் அது இருக்கிறதா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். சரக்கு எடுக்கும்போது பில் கேட்கிறோம் அல்லவா, அது போல.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. புதிய இணைப்பு வாங்கும்போது வயரிங் முடிந்ததாக ஓர் அறிக்கை கொடுக்கிறோம். சில இடங்களில் வேலை செய்தவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் வேறொருவர். கையெழுத்துக்காரர் அந்த வீட்டு வாசலையே மிதித்திருக்க மாட்டார். அந்தக் கையெழுத்தின் பொருள் என்ன தெரியுமா? மெக்கர் வைத்து 500 வோல்ட் கொடுத்து, கம்பியிலிருந்து மின்சாரம் கசியவில்லை என்று பார்த்தாகிவிட்டது, எர்த் நன்றாக இருக்கிறது என்று அளந்தாகிவிட்டது என்பதுதான். அளக்காமல் போட்ட கையெழுத்து, எடை போடாமல் கட்டிய பொட்டலம்.

மீட்டருக்கு இந்தப் பக்கம் நடப்பதற்கு மின்வாரியம் பொறுப்பல்ல, நாம்தான் பொறுப்பு என்பதையும் மறக்கக் கூடாது. மீட்டர் சீலை வாரிய ஊழியர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. நம் பக்கத்தில் கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. சாதனம் இருக்க வேண்டும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது வாங்க வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. அது ஒயரைக் காப்பாற்றும், ஈரக்கையோடு தொட்ட மனிதனைக் காப்பாற்றாது. கடையிலும் கிடங்கிலும் தரையைக் கழுவிவிடும் நமக்கும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர்களுக்கும் இது மிகவும் அவசியம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஜனவரியில்தான் வீட்டு வயரிங்கைக் கட்டட விதிகளுக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் வேலையை முடித்ததும் வீட்டுக்காரர் கைக்குச் சான்று வந்துவிடும். நம் விதி அதைவிட அரை நூற்றாண்டு மூத்தது. ஆனால் நம் அறிக்கை ஆபீஸ் ஃபைலுக்குப் போய்விடுகிறது, வீட்டுக்காரரிடம் ஒரு நகல்கூட இருப்பதில்லை.

சான்று இல்லாமல் வேலை செய்யும் நம் ஊர்ப் பையன்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. அவர்களில் கைத்தொழில் நன்றாகத் தெரிந்தவர்கள் பலர். அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயதும், தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத அனுபவமும் கேட்கிறார்கள். மேல் வயது வரம்பு கிடையாது. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் விவரம் கேட்கலாம். தெரிந்த பையனைத் தேர்வுக்கு அனுப்பி, கட்டணத்தை நாமே கட்டினால் அவனுக்கும் பிழைப்பு உயரும், நமக்கும் நிம்மதி.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, நம் ஊர்களில் உரிமமும் சான்றும் உள்ளவர்களின் பட்டியலைத் தயாரித்துச் சங்க அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். இரண்டாவது, மழைக்காலத்துக்கு முன் உறுப்பினர் கடைகளில் எர்த்தும் கசிவும் அளந்து பார்க்க, பலர் சேர்ந்து குறைந்த கூலிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்றாவது, வாடகைக்கு அறை விட்டிருக்கும் உறுப்பினர்கள், சோதனை அறிக்கையின் நகலை வாடகைப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டும்.

வாடகை கொடுத்துத் தங்குபவர் ஊர் விட்டு ஊர் வந்து நம்மை நம்பிப் படுத்து உறங்குகிறார். அவருக்குச் சரியான எடையில் அரிசி கொடுக்கும் வியாபாரி, தொட்டால் அடிக்காத சுவிட்சையும் கொடுக்கக் கடமைப்பட்டவர். அதிகாரி வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காமல், அடுத்த முறை வயரிங் வேலைக்கு ஆள் வரும்போது “சான்றைக் காட்டுங்கள், தம்பி” என்று கேட்டுவிடுங்கள்.