ஆர்ச்சுக்கு அந்தப் பக்கம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள். பிளாக் நம்பர் சொல்வான். எந்த வீட்டு மாமரம் ஒட்டு, எது நாட்டு என்றுகூடச் சொல்வான். 'பட்டா' என்றால் மட்டும் முழிப்பான். பாவம், அவன் தப்பில்லை. இங்கே யாருக்கும் சொந்த வீடு கிடையாது சார். ரோடு, மரம், கதவுத் தாழ்ப்பாள் எல்லாமே கம்பெனியுடையது. குழாய் ஒழுகினால் கம்ப்ளெயிண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். சொத்து வரி ரசீதைக் கண்ணால் பார்க்காமலே முப்பது வருஷ சர்வீஸை முடித்துவிடலாம்.

(இந்த மண் ஒரு காலத்தில் பல பேருடைய பட்டா நிலம்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்ட, கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் கார்ப்பரேஷனே வந்துவிட்டது. நிலம் கொடுத்தவர்கள் ஒரு பக்கம் போனார்கள், குவார்ட்டர்ஸ் வாங்கியவர்கள் இன்னொரு பக்கம் வந்தார்கள். அது தனிக் கதை.)

அறுபது வயதில் ரிட்டயர்மெண்ட் மாலை கழுத்தில் விழும்போதுதான் உறைக்கும், மாலையை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்க வேண்டும் என்று.

எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ் மாமாவுக்கு இந்த வருஷம் மாலை. பையனுக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்து ஐந்து மாதம்தான் ஆகிறது. கையில் வருவது 38,000. ஆர்ச் கேட்டுக்கு வெளியே, வடக்குத்துப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். விலை 28 லட்சம்.

"அண்ணா, நீங்கதான் பி.காம். ஆச்சே, கூட வாங்க" என்றான். குவார்ட்டர்ஸ் என் மனைவி பெயரில். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற எனக்குத் தலையணை உறை வாங்கக்கூட எந்த பாங்க்கும் லோன் தராது. ஆனாலும் தெருவில் கணக்கு என்றால் ஆள் நான்தான்.

போன பாங்க்கின் பெயர் வேண்டாம். அதிகாரி நல்ல மனுஷர். "தம்பி, இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கீங்களே... கன்ஃபர்மேஷன் லெட்டரோட வாங்க" என்றார். போதாததற்கு முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று. மாமாவுக்குத் தெரிந்த ஒரே வில்லங்கம் பக்கத்து வீட்டுக்காரர்தான். மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேட்டார். அதில் நான் பாங்க் பக்கம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016 செப்டம்பரில் ஹைகோர்ட் தடை போட்டபோது, கலர் கலராகக் கொடி நட்டு விற்ற மனைகளை வாங்கியவர்கள் பட்ட பாடு கொஞ்சமா?

வீட்டுக்கு வந்ததும் மாமா குண்டைத் தூக்கிப் போட்டார். "எதுக்குடா கடன்? பி.எஃப்., கிராச்சுவிட்டி எல்லாம் வருதுல்ல, மொத்தமாப் போட்டு முடிச்சிடலாம். கடனில்லாம சாகணும்டா."

நெய்வேலி அப்பாக்கள் நிறையப் பேர் இப்படித்தான் வீடு வாங்கினார்கள். பையன் மட்டும் மசியவில்லை. "வீட்டைச் சாப்பிட முடியுமாப்பா? நீயும் அம்மாவும் இன்னும் இருபது வருஷம் இருக்கப் போறீங்க. ஒவ்வொரு மாசமும் மாத்திரைக்கு என்கிட்ட கை நீட்டுவியா?" மாமா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே அவர் வைத்த பலாமரம் இருக்கிறது. அதுவும் கம்பெனிக்குத்தான்.

இனி என் டிபார்ட்மெண்ட். 28 லட்சத்தில் 20 லட்சம் லோன் என்று வையுங்கள். வட்டி எட்டரை சதவீதம், இருபது வருஷம். மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் தவணையில் 14,167 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 3,190 ரூபாய்தான். வாங்கிய 20 லட்சத்தில் பாதி அடைய 13 வருஷம் 10 மாதம் ஆகும். மொத்தம் கட்டுவது 41 லட்சத்து 65 ஆயிரம். இதைக் கேட்டு மாமி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பதினைந்து வருஷம் என்று போட்டால் தவணை 19,695. மாதம் 2,339 ரூபாய்தான் கூட. மொத்தத்தில் மிச்சம் ஆறு லட்சத்துக்கு மேல். உடனே பதினைந்துக்கே கையெழுத்துப் போடு என்பார்கள் கெட்டிக்காரர்கள். புது வேலைக்காரனுக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பேப்பரில் இருபது வருஷம் இருக்கட்டும். கட்டுவதைப் பதினைந்து வருஷக்காரன் மாதிரி கட்டு. அதிகமாகக் கட்டுவதை அசலில் கழித்து வருஷத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடு. ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் போடக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. கம்பெனி ஒரு மாதம் சம்பளத்தை இழுத்தடித்தால் 17,356-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். பதினைந்துக்கு ஒப்புக்கொண்டவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஃப்ளோட்டிங் என்றால் மிதக்கும், சில சமயம் முழுகவும் அடிக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி 4-லிருந்து 6.5 சதவீதமானது. பல பேருக்குத் தவணை அப்படியே இருக்க, வருஷம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. எஸ்.எம்.எஸ்.ஸை யார் படிக்கிறார்கள்?

மாமா பணத்தில் எவ்வளவு எடுப்பது? விலையில் பாக்கி 8 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2 லட்சத்து 52 ஆயிரம். இதை பாங்க் தராது, பல பேர் கடைசி வாரத்தில் நகைக்கடைப் பக்கம் போவது இதனால்தான். அதோடு ஆறு தவணைக்கான 1,04,136 ரூபாயைத் தனியாகப் போட்டு வைக்கச் சொன்னேன். பையனுக்கு வேலை போனால் வேறு வேலை தேட ஆறு மாதம். இது இல்லாவிட்டால் மேனேஜர் என்ன திட்டினாலும் 'எஸ் சார்' என்று நிற்க வேண்டியதுதான். மீதிப் பணம் மாமா, மாமி பெயரில், தொடக் கூடாது.

லோனோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்ஷூரன்ஸைப் பற்றி இன்னொரு வாரம் புலம்புகிறேன்.

மாமா கணக்குப் பேப்பரை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் வந்து, "இருபது வருஷம் வரைக்கும் அது பாங்க் வீடுதானே?" என்றார்.

"பத்திரம்தான் மாமா அவங்ககிட்ட இருக்கும். வீடு நம்மளுது."

"முப்பத்தி நாலு வருஷம் கம்பெனி குவார்ட்டர்ஸ், இனிமே பையன் குவார்ட்டர்ஸ்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன்தான் சட்டென்று, "பத்திரத்துல உன் பேரும் சேர்த்துத்தான்பா எழுதறோம்" என்றான்.

போன மாதம் கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்தது. லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. மாமா பழைய பெயிண்ட் டப்பாக்களில் நாலு பலாக்கன்று போட்டு வைத்திருக்கிறார். வீட்டைச் சுற்றி நாலடி இடம்கூட இல்லை என்பதை அவரிடம் யார் சொல்வது என்று எதிர் வீட்டில் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.