ஊசி பிடித்தவர் பெயர்

2020 ஜூலை மாதத்துக்கான கொரியப் போர் வீரர் என்று தென்கொரிய அரசு ஒருவரை அறிவித்தது. பெயர் ஏ. ஜி. ரங்கராஜ், தொழில் மருத்துவம். அந்த ‘ஏ’ ஆற்காடு. செய்தி சியோலில் கிளம்பி டெல்லி வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. “அட, நம்ம ஆற்காடா?” என்று கேட்டோம். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பெருமைப்பட்டோம். வழக்கம்போல அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

ஆற்காடு என்றால் நமக்குப் பிரியாணி தெரியும், மக்கன் பேடா தெரியும். கிளைவ் கோட்டைக்குள் முற்றுகையில் கிடந்தது 1751 என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1941ல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் இருவரில் ஒருவர், கொரியப் போர்ப் பணிக்காக மகாவீர் சக்கரம் பெற்றவர், இப்படி ஒரு மனிதரை மட்டும் தெரியவில்லை. பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த நிலையில் இருக்கும் விருது அது. தெருவில் போகிறவருக்குக் கொடுப்பதில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் அரசாங்கத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வோம். இதில் அந்த வசதியும் இல்லை. அரசாங்கம் தன் கடனைச் செய்துவிட்டது: பதக்கம் கொடுத்தது, பட்டியலில் பெயரை அச்சிட்டது. அதை எடுத்துப் படிக்க வேண்டியவர்கள் நாம். பத்திரிகையில் எழுதுகிறவர்கள், பாடநூல் எழுதுகிறவர்கள், பட்டிமன்றத்தில் வீரம் பேசுகிறவர்கள், சினிமாவுக்குக் கதை தேடுகிறவர்கள் எல்லோரும் இந்த ‘நாம்’ என்பதில் அடக்கம்.

கதைக்கு என்ன பஞ்சம்? கொரியாவுக்குச் சண்டையிடும் படையை அனுப்ப மாட்டோம், மருத்துவப் படையை அனுப்புகிறோம் என்று இந்தியா முடிவெடுத்தது. 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் 1950 நவம்பரில் போய் இறங்கியது. தளபதி லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். டிசம்பருக்குள் சீனப் படைகள் உள்ளே வந்துவிட்டன. பியோங்யாங்கைக் காலி செய்துகொண்டு எல்லோரும் தெற்கே போகிறார்கள். இவர்களுக்கு வண்டி கிடைக்கவில்லை. சாமான்களைக் கைவிட்டால் ஆட்கள் தப்பிக்கலாம். ஆனால் கத்தியும் கத்தரியும் மயக்க மருந்தும் இல்லாமல் போய்ச் சேர்கிற டாக்டரால் என்ன பிரயோஜனம்? ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் படைக்குள்ளேயே இருந்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றிப் பாய்லரை நிரப்பினார்கள். கிடைத்த கரியையும் விறகையும் போட்டு மூட்டினார்கள். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, பாலங்களை வெடிவைத்துத் தகர்ப்பதற்குச் சற்று முன்பு ஆற்றைத் தாண்டிவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டரைக் காப்பாற்ற ரயிலைக் கிளப்பிய கதை இது. எழுபது வருஷமாக நம் கதை இலாகாக்கள் எதுவும் இதைத் தொடவில்லை.

1951 மார்ச் 23 அன்று அமெரிக்க பாராசூட் படை சியோலுக்கு வடக்கே முன்சான் பக்கம் குதித்தது. ரங்கராஜின் தலைமையில் 12 இந்தியர்களும் கூடவே குதித்தார்கள். மற்றவர்கள் தரையைத் தொட்டதும் துப்பாக்கியைச் சரிபார்த்தார்கள். இந்தப் பன்னிரண்டு பேர் காயம்பட்டவர்களைத் தேடிக் கட்டுப்போட்டு, களத்திலேயே அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்கள். அந்தப் படைப்பிரிவுக்கு வந்த விருதுகளில் மகாவீர் சக்கரம் இரண்டு. ரங்கராஜுக்கு ஒன்று, மேஜர் என். பி. பானர்ஜிக்கு ஒன்று. வீர் சக்கரங்கள் தனி.

இவ்வளவும் ஏன் நம் காதில் ஏறவில்லை? ஒரு பட்டாளத்துக்காரரின் வீரக் கதை என்றால் நமக்கு இரண்டே கேள்விகள்தான். எத்தனை பேரைச் சுட்டார்? எப்படிச் செத்தார்? ரங்கராஜிடம் இரண்டுக்கும் பதில் கிடையாது. அவர் யாரையும் கொன்றதற்காகப் பதக்கம் வாங்கவில்லை. உயிரோடு வேறு திரும்பி வந்துவிட்டார். ராணுவத்தை விட்ட பிறகு உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புக்கு உழைத்தார். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஊர்க்காரர்கள் நாம்; அந்த நோயை விரட்டிய ஒருவரை நம்மவர் என்றாவது தெரிந்துவைத்திருக்கலாம். செத்திருந்தால் சிலையாவது கிடைத்திருக்கும் என்று சொல்லலாமா? அதுவும் சந்தேகம்தான்.

மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங் செத்துத்தான் போனார். மணிப்பூர்க்காரர், ராணுவ மருத்துவப் படை அதிகாரி. 2010 பிப்ரவரி 26 அன்று காபூலில் இந்தியர்கள் தங்கியிருந்த விருந்தினர் விடுதியைப் பயங்கரவாதிகள் தாக்கினார்கள். அவர் கையில் ஆயுதம் இல்லை. இடிபாட்டிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தவர், துப்பாக்கியும் உடம்பில் குண்டுமாக வந்தவனை வெறுங்கையால் கட்டிப் பிடித்தார், கடைசிவரை விடவில்லை. அவன் குண்டை வெடித்தான். இருவரும் இறந்தார்கள், உள்ளே இருந்த சகாக்கள் சிலர் பிழைத்தார்கள். அசோக சக்கரம் பெற்ற முதல் மருத்துவப் படை அதிகாரி அவர். மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்ததும் அதே சக்கரம்தான். ‘அமரன்’ பார்த்து தியேட்டரில் அழுதோம். அழ வேண்டிய கதைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜோதின் சிங்கின் பெயரைச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்கு முகம் ஞாபகம் வரும்? முகுந்த் நம்மவர், ஜோதின் மணிப்பூர்க்காரர், அதனால் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். ஆற்காட்டுக்காரரை மறந்ததற்கு அந்தச் சமாதானம் செல்லாது. ஹாலிவுட்காரர்கள் ‘ஹாக்ஸா ரிட்ஜ்’ எடுத்ததும், ஒகினாவாவில் துப்பாக்கி தொடாமல் ஆட்களைக் காப்பாற்றிய டெஸ்மண்ட் டாஸுக்காக நாம் கைதட்டவில்லையா? கேப்டன் லட்சுமியைக்கூட தொப்பியும் சல்யூட்டுமாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். அவரும் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர், கான்பூரில் தள்ளாத வயதுவரை ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர் என்பது நமக்கு இரண்டாம் பட்சம்.

இது இன்று வந்த பழக்கமும் இல்லை. பதிற்றுப்பத்தில் சேரன் செங்குட்டுவனைப் பாடும் பரணர், போர்ப்புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைப் பாடுகிறார். குளத்தில் பாய்ந்து எழும் மீன்கொத்தி அவருக்கு நினைவு வருகிறது. அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார். தழும்பேறிய மார்பு பாட்டில் இருக்கிறது, ஊசி இருக்கிறது, ஊசியைப் பிடித்த கை இல்லை. எடுத்தனூரில் கள்வரைக் கடித்த நாய்க்கும், அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கும் கல்லில் இடம் கொடுத்தவர்கள் நாம். தைத்தவனுக்கு மனசு வரவில்லை.

பதக்கம் கொடுத்தவர்களும் முழு நேர்மையாக இருந்துவிடவில்லை. 1895 மார்ச்சில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சித்ராலில் கேப்டன் பேர்ட் படுகாயமடைந்து கோட்டைக்கு வெளியே கிடந்தார். சர்ஜன் கேப்டன் விட்சர்ச் அவரை டோலியில் ஏற்றினார். டோலியைத் தூக்கிய கூர்க்காக்கள் சுடப்பட்டார்கள். மூன்று பேர் செத்து, நான்காமவர் படுகாயப்படும்வரை டோலியை விடவில்லை. பிறகு விட்சர்ச் அந்த அதிகாரியைத் தன் முதுகிலேயே சுமந்தார். அவருக்கு விக்டோரியா கிராஸ். கூர்க்காக்களுக்கு அது கிடைக்க வழியே இல்லை. இந்திய ராணுவத்தில் இருந்த நம் ஆட்களுக்கு அந்த விருதைத் திறந்துவிட்டது 1911ல்தான். வெள்ளைக்காரப் படையிலாவது மருத்துவரின் வீரத்தைக் காண ஒரு கண் இருந்தது: விக்டோரியா கிராஸை இரண்டு முறை பெற்றவர்கள் உலகத்தில் மூன்றே பேர், அதில் மார்ட்டின் லீக், நோயல் சாவாஸ் இருவரும் டாக்டர்கள். நம் பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரில் மருத்துவப் படையினர் ஒருவரும் இல்லை.

டோலி தூக்கியவர்கள் என்றால் நம் வீட்டுக் கணக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. 1899ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது காந்தி இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். ஏறக்குறைய 1,100 பேர். அதில் பெரும்பகுதி நேட்டால் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குக் கப்பலேறிய கூலிகளில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துக்காரர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். குண்டு விழும் எல்லைக்குள் இந்தப் படை போக வேண்டாம் என்பதுதான் முதல் ஏற்பாடு. ஸ்பியான் காப்பில் ஆங்கிலேயர் அடிவாங்கியதும், ஜெனரல் புல்லரிடமிருந்து ‘உள்ளே வந்து தூக்கினால் நன்றியோடு இருப்போம்’ என்கிற தோரணையில் சேதி வந்தது. போனார்கள். காயம்பட்டவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து, ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். கூலிக்கு வந்த தோளில் கர்னலும் ஜெனரலும் பயணம் செய்தார்கள். போர் முடிந்து பதக்கம் வந்தபோது 37 பேருக்கு வந்தது. அத்தனை பேரும் படையின் தலைவர்கள். காந்தியின் பதக்கத்தைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம், பிற்பாடு அவர் அதைத் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி இன்னும் நிறைய. தூக்கியவர்களில் ஒருவரை, ஒரே ஒருவரை, ஊரும் பேருமாகத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறோமா? தில்லையாடி வள்ளியம்மையைத் தேடிய நமக்கு அந்த வழி தெரியாததில்லை.

இது எல்லோரும் செய்கிற தப்புதான் என்று சமாதானம் சொல்வதற்கு முன் வங்காளத்துப் பாட்டி ஒருத்தியைப் பார்த்துவிடலாம். கேப்டன் கல்யாண் குமார் முகர்ஜி இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். கூட் முற்றுகையில் துருக்கியரிடம் பிடிபட்டு, சிறைமுகாமிலேயே இறந்தார். அவருடைய பாட்டி மோக்‌ஷதா தேவி, எண்பது வயதை ஒட்டிய காலத்தில், பேரன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் வைத்துக்கொண்டு அவன் கதையை ஒரு புத்தகமாக எழுதினார். 1928ல் வெளிவந்தது. ஒரு கிழவிக்கு முடிந்த காரியம் இது. நம் வீடுகளில் அந்தக் கடிதங்கள் என்ன ஆயின? பரணில் கிடந்தன, வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்காரரிடம் போயின. போட்டோவுக்கு மட்டும் மாலை போட்டோம்.

களம் எங்கோ இருந்தது, அதனால் மறந்தோம் என்றும் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் பால்கனியில் நின்று டாக்டர்களுக்காகக் கைதட்டினோம். ஏப்ரலில், கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலோடு வந்த ஆம்புலன்ஸை இதே சென்னையில் கல்லாலும் கட்டையாலும் அடித்தோம். கண்ணாடி நொறுங்கி, வண்டியில் இருந்தவர்கள் ரத்தம் வழிய ஓடினார்கள். கடைசியில் உடன் வேலை பார்த்த டாக்டர் ஒருவரும் வார்டு ஊழியர்கள் இரண்டு பேரும் ராத்திரியோடு ராத்திரியாகக் குழியில் மண்ணைத் தள்ளினார்கள். சியோல் அரசு ரங்கராஜின் பெயரை அறிவித்தது இது நடந்து மூன்று மாதங்களுக்குள்.

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர். அந்த வட்டாரத்து ஊர்களில் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து பென்ஷனில் வந்தவர்கள் இருக்கிறார்கள். சியாச்சினில் உறைந்த விரலைப் பார்த்தவர்கள், ஷெல் விழும்போது சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். ஊருக்கு அவர்கள் ‘கம்பவுண்டர்’. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுவோம், ஊசி போடச் சொல்வோம். மற்ற நாட்களில் அவர்களிடம் நாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “என்ன சார், இந்த மாசம் கேன்டீன் கோட்டா வாங்கிட்டீங்களா? ரம் இருக்கா?” இருக்கிறது என்பார். பாட்டில் கைமாறும். அவர் எங்கே இருந்தார், யாரைத் தூக்கினார், யார் அவர் கையில் செத்தார் என்று கேட்க நமக்குத் தோன்றியதில்லை. அவராகச் சொல்ல ஆரம்பித்தாலும், “பட்டாளத்துக் கதை ஆரம்பிச்சுட்டாருப்பா” என்று கண்ணடித்துக்கொள்கிறோம்.

முன்சானில் ரங்கராஜோடு குதித்த மற்ற பதினொரு பேரின் பெயரை 2020ல் நம் செய்தித்தாள்கள் தேடவில்லை; இங்கேயும் அவர்கள் எண்ணிக்கையாகத்தான் வந்திருக்கிறார்கள். கொரியா போய் வந்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். ஆனால் 1965, 1971 போர்களில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள், காது இன்னும் கேட்கிறது, பேசுகிறார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கல்லூரிகளில் வரலாற்றுத் துறை இருக்கிறது, ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று புலம்பும் மாணவர்கள் இருக்கிறார்கள். பத்திரிகைகளில் ஆகஸ்டு 15க்கும் ஜனவரி 26க்கும் பக்கத்தை நிரப்ப ஆள் தேடுகிறோம். இந்த ஆண்டும் பழைய போட்டோ ஒன்றை எடுத்து, கீழே நாலு வரி எழுதித்தான் நிரப்பினோம்.