சுவடு படிப்பவர்கள்

தமிழில் சுவடு என்றால் காலடித் தடம். சுவடி என்றால் ஏடு. இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. (சொல்லாராய்ச்சி என் துறையன்று, அறிந்தோர் திருத்தலாம்.) கலகாரிப் பாலையின் சான் வேட்டுவர்களைப் பற்றிப் படித்தபோது இந்த உறவு மனத்தை விட்டு அகலவே இல்லை. மணலில் பதிந்த குளம்படியைப் பார்த்து, போன விலங்கு எது, எப்போது போயிற்று, களைத்திருந்ததா, காயம்பட்டிருந்ததா என்றெல்லாம் சொல்ல வல்லவர்கள் அவர்கள். அவர்களில் பலருக்கு நாகரிக உலகம் இட்ட பெயரோ 'எழுத்தறிவற்றோர்'.

தென்னாப்பிரிக்கரான லூயி லீபென்பெர்க் 1990இல் வெளியிட்ட நூலொன்றில், தடமறியும் கலையே அறிவியலின் தோற்றுவாய் என்று வாதிட்டார். பாதித் தடம் அழிந்த இடத்தில் வேட்டுவன் ஓர் ஊகத்தை முன்வைக்கிறான், சற்றுத் தள்ளிப் போய்ச் சோதிக்கிறான், பொய்த்தால் கைவிடுகிறான். இதைத்தானே நாம் ஆய்வு என்கிறோம்? வாதத்தோடு அவர் நிற்கவில்லை. ஜஸ்டின் ஸ்டீவன்டன் என்ற கணினியியல் மாணவரின் துணையோடு, எழுத்துகளுக்குப் பதில் படக்குறிகளால் இயங்கும் சைபர்டிராக்கர் என்ற கைக்கணினிச் செயலியை 1990களில் உருவாக்கினார். கண்டதற்குரிய படத்தைத் தொட்டால் போதும். இடத்தைச் செயற்கைக்கோள் குறித்துக்கொள்ளும். காரூ தேசியப் பூங்காவில் தடமறிவோர் இதைக்கொண்டு கருப்புக் காண்டாமிருகங்களின் நடமாட்டத்தைப் பதிந்தார்கள். 1999இல் இதுபற்றி வெளியான ஆய்வுக் கட்டுரையில், லீபென்பெர்க்கின் பெயரோடு பெனாடி, மின்யே என்ற தடமறிவோர் இருவரின் பெயர்களும் ஆசிரியர்களாக இடம்பெற்றன.

கருவியைவிட இந்தப் பெயர்கள்தாம் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 'குடிமக்கள் அறிவியல்' என்று இன்று வழங்குவதில் பெரும்பகுதி, ஓய்வுநேரமும் கைப்பேசியும் பள்ளிக் கல்வியும் உள்ளவர்கள் விஞ்ஞானிகளுக்குத் தரவு திரட்டிக் கொடுப்பதுதான். நல்ல காரியமே, குறை சொல்லவில்லை. ஆனால் அப்படிப் பிறக்கும் வரைபடத்தில் புள்ளிகள் செறிந்திருப்பது பறவைகள் மிகுந்த இடத்தில் மட்டுமன்று, பறவை பார்ப்பவர்கள் மிகுந்த இடத்திலும்தான். எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்பவர்கள்கூடப் பொத்தான்களை உள்ளூர் மொழியில் பெயர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

முடியவில்லை என்பதற்குக் காங்கோ காடுகளே சாட்சி. அங்கே ம்பெஞ்செலே மக்களோடு நெடுங்காலம் பழகிய மானிடவியலாளர் ஜெரோம் லூயிஸ், மரம் வெட்டும் நிறுவனத்தின் கோடரியிலிருந்து காக்க வேண்டிய மரங்களை அம்மக்களே படக்குறிகளால் குறிக்க வழிசெய்தார். சப்பெலி மரம் அவற்றுள் ஒன்று. அதில் வாழும் கம்பளிப்புழுக்கள் அவர்களுக்கு உணவு. பின்னர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் அவரும் மூக்கி ஹக்லேயும் நடத்திய குழு, தான் வடிவமைத்த செயலிக்கு அந்த மரத்தின் பெயரையே சூட்டியது.

அந்தச் செயலியைக் காட்டுக்குள் கொண்டுசென்றபோதுதான் பாடம் கிடைத்தது. படங்கள் விளங்கின. ஆனால் பெரும்பிரிவு, அதனுள் உட்பிரிவு, அதனுள் பொருள் என்று அடுக்கடுக்காக இறங்கும் ஏற்பாடு பலரைத் தடுமாற வைத்தது. பட்டியலும் அட்டவணையும் பள்ளிக்கூடம் நம் மூளைக்குள் வைத்துப் பூட்டியவை. அவற்றை மனித இயல்பு என்று மயங்கியிருந்தோம். எனவே திரைக்குள் திரை தேடும் வேலையை விடுத்து, படம் அச்சிட்ட அட்டைகளைப் பரப்பி, வேண்டியதைக் கைப்பேசியால் தொட்டால் பதிவாகும் முறையையும் ஆய்வாளர்கள் செய்து பார்த்தார்கள்.

"இவர்கள் தரும் தரவை நம்பலாமா?" என்று உடனே கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். ஆனால் படிவம் புரியாமல் பிழை நேர்ந்தால், பிழை பார்த்தவனுடையதா, படிவம் வரைந்தவனுடையதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இதைவிடக் கடினமான கேள்வி வேறொன்று. காட்டில் ஒரு பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகப் பதிந்த வரைபடம், காப்பவனுக்குப் பயன்படும் அதே அளவுக்குக் கள்ள வேட்டைக்காரனுக்கும் பயன்படும். காட்டுக் காவலரின் கெடுபிடிக்கு அஞ்சி வாழும் ஒருவர் கள்ள வேட்டையைப் பற்றித் தகவல் தந்தால், அதன் விலையைக் கொடுக்கப் போவது அவர், லண்டனில் இருப்பவரல்லர். ஆகவே எதைப் பதிவது, யாருக்குக் காட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கருவி செய்வதற்கு முன்பே அம்மக்களிடம் கேட்டாக வேண்டும். "இதைப் பதிய வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால், அந்தப் படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். நம் வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.