வாடகை வீட்டுக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, இடிந்து விழும் நிலையிலுள்ள பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்து அவற்றின் சுவர்களில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டுவதை நம் நகர நிர்வாகங்கள் ஒரு வழக்கமாகக் கொண்டிருக்கின்றன. அந்தக் காகிதம் ஒட்டப்படும் நாள் வரையில், அவ்வீட்டில் வாடகை கொடுத்துக் குடியிருந்த ஏழைக் குடும்பத்தின் தலைக்கு மேலே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஓர் அதிகாரியேனும் வந்து பார்த்திருப்பாரா என்றால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை. ஒட்டிய பிறகும் அவர் செய்வது, உடனே காலி செய்யுங்கள் என்று சொல்வது ஒன்றுதான். வீட்டைப் பழுதாக விட்டவர் ஒருவர், வீட்டைவிட்டுப் போகவேண்டியவர் இன்னொருவர் என்னும் இந்த அநியாயத்தை மழைக்காலத்துச் சம்பிரதாயமாகவே நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

கட்டடம் ஒரே நாளில் பாழாவதில்லை. மொட்டைமாடித் தளத்தில் விழுந்த மயிரிழை விரிசல் வழியாக இறங்கும் மழைநீர், கான்கிரீட்டுக்குள் கிடக்கும் இரும்புக் கம்பியைத் துருவேறச் செய்கிறது. துருவோ இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகையால் அது உள்ளிருந்தபடியே கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. முதலில் கூரையின் அடிப்புறத்தில் பழுப்பு நிறத்தில் ஓர் ஈரத் தடம், அடுத்த ஆண்டு அதே இடத்தில் ஒரு வீக்கம், அதற்கடுத்த ஆண்டு நள்ளிரவில் பாயின்மேல் உதிரும் காரைத் துண்டு, கடைசியில் கம்பி வரிவரியாக வெளியே தெரியும் கூரை என்று படிப்படியாக நடக்கும் காரியம் இது. சென்னையின் பழைய பேட்டைகளில் மிஞ்சியிருக்கும் 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளின் கதை சிறிது வேறு. அங்கே தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கியிருப்பார்கள். அந்த உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் ஓதம் ஏறுகிறது, செல் அரிக்கிறது. கைப்பிடிச் சுவரின் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை இரண்டிலையாக இருந்தபோதே பிடுங்கியிருந்தால் அந்த ஓதத்தில் பாதி வந்தேயிராது. முதல் ஆண்டில் விரிசலை அடைத்துத் தட்டோடு பதித்தால் தீர்ந்துபோகும் வேலையைப் பத்து ஆண்டு தள்ளிப்போட்டால், தளத்தையே பெயர்த்து வேறு தளம் போடவேண்டியதாகிறது. அப்போது வீட்டுக்காரர், 'இனி இதற்குச் செலவழிப்பதில் பிரயோசனம் இல்லை, இடிக்க வேண்டியதுதான்' என்று சொல்வதும் உண்மையாகவே ஆகிவிடுகிறது.

கோவை, திருப்பூர்ப் பக்கத்தில் லைன் வீடு என்றும், மதுரையில் காம்பவுண்டு வீடு என்றும் சொல்லப்படும் குடியிருப்புகளுக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தவர்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. நீளமான ஒரு சந்து. இருபுறமும் ஒற்றை அறையும் ஒண்டிச் சமையற்கட்டுமாகப் பத்துப் பன்னிரண்டு குடித்தனங்கள். கோடி மூலையில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு கழிவறைகள். அவற்றுள் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால், உள்ளே போகும் பெண்பிள்ளை வெளியே தங்கையைக் காவல் நிறுத்திவிட்டுப் போகிறாள். செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தால் வீட்டுக்காரர், 'எல்லோரும் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார். சுவரில் மின்கம்பி திறந்து கிடந்தால், 'குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிறார். வாடகை மட்டும் ஐந்தாம் தேதி தாண்டக்கூடாது.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1946-இல் தொடங்கி 1949, 1960 என்று திருத்தி அமைக்கப்பட்டு வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, வீட்டுக்காரர், குடித்தனக்காரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகள், வெள்ளையடித்தல், குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை வீட்டுக்காரரின் கடமை என்றும், குழாயின் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு முதலான சில்லறைக் காரியங்கள் குடியிருப்பவரின் கடமை என்றும் அது பாகம் பிரித்து எழுதியிருக்கிறது. வீட்டுக்காரர் மறுத்தால் குடித்தனக்காரரே செலவு செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் இடம் கொடுக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் வாசலுக்குப் போவதற்கே எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியும் இருக்க வேண்டும். லைன் வீட்டில் குடியிருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளியிடமோ, ஒடிசாவிலிருந்து வந்து எட்டுப் பேராக ஓர் அறையில் தங்கியிருக்கும் கட்டட வேலைக்காரரிடமோ அப்படியொரு காகிதத்தை எங்கே தேடுவது?

காகிதமே இருந்தாலும் அவர் வாய்திறக்க மாட்டார். ஏனென்றால் புகார் செய்தவருக்கு அடுத்த மாதம் வீடு இல்லை. 'என் மகனுக்குக் கல்யாணம், வீடு தேவைப்படுகிறது' என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் போதும். கொடுத்த அட்வான்ஸில் வெள்ளையடித்த கூலி என்று ஒரு பங்கு போய்விடும். புது வீட்டுக்கு மறுபடி அட்வான்ஸ் புரட்ட வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரமாகிவிடும். இவற்றையெல்லாம் மனத்தில் கூட்டிக் கழித்துப் பார்க்கும் தாய், காரை உதிரும் இடத்துக்கு நேரே கட்டிலைப் போடாமல் சற்றே நகர்த்திப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறாள். இந்த மௌனத்தைக் குறையில்லாமைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு, 'எங்களுக்குப் புகார் ஒன்றும் வரவில்லையே' என்று சொல்லும் நிர்வாகம், பலவீனமானவரின் அச்சத்தின் மேல் தன் சௌகரியத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதே என் திடமான அபிப்பிராயம். ஆகவே புகாருக்குக் காத்திராமல், வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு வீட்டையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை நகராட்சியே சென்று பரிசோதிக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. நம் ஊர்களில் சொத்துவரி என்பது ஒரு வீடு ஆண்டுக்கு என்ன வாடகை பெறும் என்னும் மதிப்பை ஆதாரமாகக் கொண்டே விதிக்கப்பட்டு வந்திருக்கிறது. 2022-இல் அந்த வரியை 25 முதல் 150 சதவீதம் வரையில் உயர்த்தினார்கள். உயர்த்த வேண்டிய அவசியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வீடு இவ்வளவு வாடகைக்குப் போகும் என்று அளந்து வரி வாங்குகிற ஸ்தாபனத்துக்கு, அந்த வாடகையைக் கொடுக்கிற மனிதர் அதில் வாழத்தக்க நிலையில் வீடு இருக்கிறதா என்று பார்க்கும் கடமை இல்லை என்றால் அது எந்த நியாயம்? பார்ப்பதற்கு ஆள் இல்லை என்பார்கள். டெங்குக் காலத்தில் வீடு வீடாக ஏறி, தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்து, புழு இருந்தால் அபராதம் எழுதும் ஊழியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று விரிவான சட்டம் செய்துகொண்ட மாகாணம் இது. தொட்டிக்குள் குனிந்து பார்க்கும் அந்தக் கண்கள் ஒரு நிமிஷம் நிமிர்ந்து கூரையையும் பார்க்கட்டும்.

புகாரை நம்பாத பரிசோதனை புதுமையான யோசனையும் அன்று. நியூயார்க் நகரத்தில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்கு வீடுகளைப் பற்றி 1867-லேயே சட்டம் இருந்தும், அதை நடைமுறைக்குக் கொண்டுவருவார் போதிய அளவு இல்லாமையால் நிலைமை சீர்படவில்லை. 1901-இல் வந்த புதிய சட்டமே இதற்கென்று தனி இலாகாவையும் பரிசோதகர்களையும் ஏற்படுத்தியது. புதிதாகக் கட்டும் வீடுகளோடு நிற்காமல், ஏற்கெனவே இருந்த பழைய வீடுகளின் கொல்லைக் கழிப்பிடங்களையும் அகற்றித் தண்ணீர் வசதியுள்ள கழிவறைகள் அமைக்க வேண்டுமென்று அது ஆணையிட்டது. ஒரு வீட்டுக்காரப் பெண்மணி, தம் சொத்துரிமையில் அரசாங்கம் தலையிடுவது தகாதென்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்காடினார். 1906-இல் அங்கும் சட்டமே நிலைபெற்றது. இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், 1998-இல் தொடங்கிய திட்டப்படி, இரண்டும் அதற்கு மேலும் குடித்தனங்கள் உள்ள வாடகைக் கட்டடங்களை நகர நிர்வாகமே முறைவைத்துப் பரிசோதிக்கிறது. சொல்லியும் பழுதுபார்க்காத வீடுகளில் வாடகையைக் குறைத்து, அதை வீட்டுக்காரரிடம் கொடாமல் நகரத்தின் பொறுப்பிலுள்ள கணக்கில் கட்டச் செய்யும் ஏற்பாடும் அங்கே உண்டு. அபராதத்தைவிட இது வலிமை வாய்ந்த கருவி என்று எனக்குத் தோன்றுகிறது.

மாறாக, நோட்டீஸோடு நின்றுவிடும் நிர்வாகத்துக்கு மும்பை உதாரணம். அங்கே பழைய வாடகைக் கட்டடங்களிடம் தனி வரி வாங்கி, ஒரு வாரியமே பழுதுபார்க்கும்படி 1969-இலேயே சட்டம் செய்தார்கள். ஆயினும் 2017 ஆகஸ்ட் 31 அன்று பெண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் இடிந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது அபாயமான கட்டடம் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததுதான்.

வீட்டுக்காரர் தரப்பையும் நான் அலட்சியம் செய்யவில்லை. பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில், கிடைத்த வாடகை வெள்ளையடிக்கவும் போதாமல் தவித்தவர்கள் உண்டு. இன்றும் இரண்டு வீட்டு வாடகையை வைத்துக்கொண்டு மருந்து வாங்கி ஜீவனம் நடத்தும் விதவைகளும், ஓய்வுபெற்றவர்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். கூட்டுறவு வங்கி மூலமாகக் குறைந்த வட்டியில் பழுதுபார்ப்புக் கடன் கொடுக்க வேண்டும். வேலையை முடித்துக் காட்டினால் அரையாண்டு வரியில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்யலாம். செலவையெல்லாம் வாடகையில் ஏற்றிவிடுவார்களே என்பது கனமான ஆட்சேபம்தான். சிறிதளவு ஏறத்தான் செய்யும். ஆனால் இருபது குடித்தனங்களிடம் வாடகை வாங்கிக்கொண்டு ஒரு தாழ்ப்பாள் போடாதவருக்குச் செலவு தாங்காது என்னும் சமாதானம் செல்லாது. பரிசோதகர் கையூட்டு வாங்குவாரே என்ற கவலைக்கு, அவர் எழுதும் குறிப்பு அன்றே அந்தச் சந்தின் முகப்பில் ஒட்டப்பட்டு, 2022 முதல் கூடிவரும் பகுதி சபையில் வாசிக்கப்படவும் வேண்டும் என்பதைத் தவிர வேறு மருந்தை நான் அறியேன்.

ஒரு நிபந்தனையை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பரிசோதனை நடந்த வீட்டில், குறிப்பிட்ட காலம் வரையில் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லவோ வாடகையை ஏற்றவோ இயலாதபடி விதி வேண்டும். பழுதுபார்ப்பதற்காக வெளியேற நேர்ந்தால், அதே வீட்டுக்கு அதே வாடகையில் திரும்பிவர உரிமை வேண்டும். இது இல்லாத பரிசோதனை, ஏழைகளை வெளியேற்றுவதற்கு வீட்டுக்காரர் கையில் நாமே எழுதிக் கொடுத்த சீட்டாகிவிடும்.

ஊர் முழுவதிலும் ஒரேயடியாகத் தொடங்க வேண்டியதில்லை. லைன் வீடுகள் நிறைந்த ஒரு வார்டை எடுத்துக்கொண்டு, ஒழுகாத கூரை, மூடிய மின்கம்பி, தாழ்ப்பாளுள்ள கழிவறை, நல்ல தண்ணீர், காற்று வர ஒரு ஜன்னல் என்னும் ஐந்தை மட்டும் அளவுகோலாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்ற, எந்த நகர்மன்றத்துக்கும் ஒரு கூட்டம் போதும். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கூடும் பகுதி சபையில், நோட்டீஸ் ஒட்டிய வீடுகளின் எண்ணிக்கையோடு, பழுதுபார்த்து முடித்த வீடுகளின் எண்ணிக்கையையும் கவுன்சிலரிடம் கேளுங்கள்.